ஆடுபுலியும் கணினிப் போரும்

மக்கள் ஆடும் ஆட்டங்களுள் உடல்வலியும் விரைவும் வெற்றி தருவன ஒருவகை; சூழ்ச்சியும் பொறுமையும் வெற்றி தருவன மற்றொருவகை. சடுகுடு முன்னதைச் சேர்ந்தது. சதுரங்கம் பின்னதைச் சேர்ந்தது. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது, பின்னதன் இளங்கிளையாய்ச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் தழைத்த கணினிப் போர்விளையாட்டுக்களைப் பற்றியாம். இன்று முப்பதும் நாற்பதும் வயது நிரம்பிய பழைய மாணவர் பலர் அவற்றைப் பெருமூச்சுடன் நினைவுகூர்வதை அடிக்கடி கேட்கின்றோம். அவற்றின் சிறப்புக்களைக் கூறுமிடத்து அவர் முகம் மலர்தல் இயல்பே. குற்றங்களைக் கூறுமிடத்தும் அவ்வாறே, சிலபோது அதனினும் மிகுதியாக, மலர்கின்றதே, அஃது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டின், கணினிக்கு மிக முற்பட்ட ஆட்டம் ஒன்றை முதற்கண் நோக்குதல் நன்று.

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழியில் மேலூரைக் கடந்தபின் வருவது கொட்டாம்பட்டி. அதன் சுற்றுப்புறம் பாறைகளும் சிறு குன்றுகளும் நிறைந்தது. ஆடு மேய்ப்போர் நண்பகலில் நிழல் கண்ட பாறையில் அமர்ந்து, கரித்துண்டாற் கோடு கிழித்து ஆடுவது ஆடுபுலி. கட்டத்தில் 23 சந்திகள் உள்ளன. புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகர்தல் கூடாது. புலியோ தொடக்கமுதல் நகரும். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி வெற்றிடத்திற் குதித்து அதனை வெட்டும். புலி மூன்றும் நகரவொட்டாமல் அடைபடின் ஆட்டுக்காரருக்கு வெற்றி. புதியவன் கையில் ஆடுகள் விரைவில் மடியும். கைதேர்ந்தவனோ ஓர் ஆட்டின் முதுகுக்குப்பின் மற்றோர் ஆட்டை நிறுத்திக் குதிக்க இடமின்றிச் செய்துவிடுவான்.

இவ்வாட்டத்தில் இரு கட்சியாரின் வலியும் ஒன்றன்று. ஆதலின் ஒருபக்கம் சாயும் குற்றம் இதற்கு எளிதில் நேரலாம். அக்குற்றத்திற்கு ஆடுவோரே மருந்து கண்டனர். ஓர் ஆட்டம் முடிந்தவுடன் கட்சி மாறுவது ஒரு மருந்து. ஆடுகளின் தொகையையும், எத்தனை ஆடு வெட்டுண்டாற் புலிக்கு வெற்றி என்பதையும் தத்தம் ஊர்வழக்கிற்கேற்ப மாற்றிக்கொள்வது மற்றொன்று. ‘உங்கள் ஊரில் எப்படி?’ என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதே வழக்கம். விதியைத் திருத்த எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. விதி முழுவதும் இருவர் கண்முன்னும் பாறையிற் கிடக்கின்றது. இதன் உறவாகிய ‘பாக் சால்’ என்னும் ஆட்டம் நேபாளத்தில் உண்டு. அதில் 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். யூ ஜின் லிம், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இருவர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் கணினிகொண்டு அவ்வாட்டத்தைக் கணக்கிட்டு, இருவரும் தவறின்றி ஆடின் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்று நிறுவினர். பெயரறியா மக்கள் கைப்பழக்கத்தாலேயே கண்ட நடுநிலை எத்துணை நுட்பமானது பாருங்கள்!

கணினி ஆட்டத்தில் நிலைமை வேறு. அதன் விதிகள் நிரலாக எழுதப்பட்டு எந்திரத்தினுள்ளே உறைகின்றன. ஆடுவோன் விளைவை மாத்திரம் காண்பான், விதியைக் காணான். சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமைத்த ‘சிவிலிசேஷன்’ 1991-இலும், ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ 1997-இலும் வெளிவந்தன. முன்னது சதுரங்கம்போல் முறைவைத்து ஆடுவது. கற்காலந் தொடங்கி விண்கலம் வரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்லவேண்டும். பின்னதில் முறை இல்லை. இருவரும் ஒருங்கே விரைந்து, குடியானவரை ஏவி உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கையும் ஈட்டிப் படை திரட்டுவர்.

இவ்விரண்டாவதன் குற்றங்களை எண்ணினால் நகைப்பே வரும். 1997-ஆம் ஆண்டின் ஆட்டத்தில் மதில் எழுப்பலாம். மதிலுக்கு வாயில் இல்லை! ஆதலின் ஓரிடத்தைத் திறந்தே விட்டு அவ்விடத்தில் வீரரை நிறுத்தினர். குடிகளும் படையும் சேர்ந்து 50 பேருக்கு மேற்படலாகாது. ஓர் இடுக்கினூடே பத்து வீரரை அனுப்பின், மூவர் போவர். மற்றையோர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நிற்பர். 1999-இல் வந்த இரண்டாம் பாகத்தில் வாயில் அமைந்தது. ஆனால் வயல், குறித்த அளவு விளைந்தவுடன் பாழாய்விடும். மரத்தை விலையாகக் கொடுத்து மீண்டும் வயலமைத்தல் வேண்டும். முன்கூட்டியே மறுவிதைப்பிற்கு ஏற்பாடு செய்யும் வசதி 2000-இல் வந்த இணைப்பிலேதான் கிடைத்தது. அவ்வுலகில் மழையும் இல்லை, கண்மாயும் இல்லை, மடை திறப்பதில் வழக்கும் இல்லை. இவையின்றி நம் பக்கத்து வேளாண்மையைக் கனவிலும் காண இயலாது!

இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சிற்றூர் மாணவருக்கு வீட்டிற் கணினி அரிய பொருள். நகரத்துப் பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்கிற் பணம் கொடுத்து, கணினிகளைக் கம்பியால் இணைத்து நால்வரும் எண்மரும் ஆடினர். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், சிறு வலியுடைய எந்திரத்திலும் ஓடும் இப்பழைய ஆட்டங்கள் கிராமங்களிலும் புகுந்தன. 2008 முதற் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டை மறந்தவர் யார்? பேரரசு ஒன்று பகைவரால் அழிவதினும் மின்வெட்டால் அழிந்ததே மிகுதி. பத்து நிமிடத்திற்கொருமுறை சேமித்துவைக்கும் நல்வழக்கத்தை அக்காலம் கற்பித்தது.

மேற்கூறிய குற்றங்கள் யாவும் வெளிப்படையானவை. வாயிலில்லா மதிலும் வழிதெரியா வீரனும் கண்ணுக்குத் தெரிவர். தெரிந்தபின் ஆடுவோன் அவற்றிற்கேற்பத் தன் சூழ்ச்சியை அமைத்துக்கொள்வான். இரு கட்சிக்கும் குற்றம் ஒன்றேயாதலின், அதுவும் ஒரு விதியாய்விடுகின்றது. இடுக்கின் வாயிற் பகைவன் படை முட்டிக்கொள்ளும் என்பதை அறிந்து அங்கே கோபுரம் எழுப்பியவன், ஆடுபுலியில் ஆட்டின் முதுகுக்குப்பின் ஆட்டை நிறுத்தியவனுக்கு இளையவன் அல்லன். பழைய மாணவர் முகம் மலர்வது இவ்வகைக் குற்றத்தை நினைந்தே என்பது எம் கருத்து.

மறைந்துள்ள குற்றத்தின் தன்மை வேறு. எந்திரத்தையே பகைவனாகக் கொண்டு ‘சிவிலிசேஷ’னைக் கடுமையான நிலையில் ஆடியோர், எந்திரத்தின் அறிவு கூடிவிட்டது என்று எண்ணினர். உண்மையில் அறிவு கூடவில்லை, சலுகை கூடியது. நமக்கு ஒரு விலை, எந்திரத்திற்குக் குறைந்த விலை! ஆடுபுலியில் எதிரி மடியிலிருந்து பதினாறாவது ஆட்டை எடுத்துவைப்பின் ஆட்டம் அத்துடன் முடிந்து கைகலப்புத் தொடங்கியிருக்கும். இங்கோ தோற்றவன் தன் அறிவையே நொந்துகொண்டான்.

மறைவினால் விளையும் தீங்கிற்கு இதனினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. ‘சிவிலிசேஷ’னில் இந்தியாவின் தலைவராகக் காந்தியடிகள் வருகின்றார். அவர் அணுகுண்டால் அனைவரையும் அச்சுறுத்துவார் என்பதும், அதற்கு நிரலிலுள்ள ஒரு பிழையே காரணம் என்பதும் உலகெங்கும் பேசப்பட்ட கதை. கதை இது: ஒவ்வொரு தலைவருக்கும் போர்க்குணம் இவ்வளவு என்று ஓர் எண் உண்டாம். அடிகளுக்கு 1. ஒரு நாடு குடியாட்சியைத் தழுவின் அவ்வெண்ணில் 2 குறையுமாம். 1-இலிருந்து 2 போக எஞ்சுவது எதிர்மறை எண்; ஆனால் எட்டுத் துண்மிகளில் 0 முதல் 255 வரையுள்ள எண்களையே எழுதுதல் கூடும். ஆகவே கணக்கு பின்னோக்கிச் சுழன்று 255-இல் நிற்க, அகிம்சை மூர்த்தி உலகிற் பெரிய போர்வெறியர் ஆனார் என்பதாம்.

இதிலுள்ள கணக்கு முற்றிலும் சரியானது. வாகனத்தின் தூரங்காட்டியிற் சுழியத்திலிருந்து ஓரெண் பின்னே திருப்பினால் ஒன்பதுகள் வரிசையாய் வருவதுபோல், எட்டுத் துண்மியிலும் அவ்வாறு நேரும். கணினி கற்கும் மாணவர் எவரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் கதை பொய். இவ்வாட்டத்தின் இரண்டாம் பாகத்தை அமைத்த பிரையன் ரெனால்ட்ஸ், போர்க்குணத்திற்கு மூன்றே படிகள் இருந்தன என்றும், தலைவருள் மூன்றில் ஒரு பங்கினர் அடிகளுடன் கடைசிப் படியிலேயே இருந்தனர் என்றும் கூறினார். சிட் மையர் 2020-இல் வெளியிட்ட தம் நினைவுநூலில் அப்பிழை இருந்ததேயில்லை என்று மறுத்தார். 1991-இல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இப்பிழையைப் பற்றிய பேச்சு, இருபது ஆண்டு கழித்து 2012-ஐ ஒட்டியே பரவிற்று என்பதும் கருதத்தக்கது. இடையே 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில், அணுவாயுத விருப்பத்தை அடிகளுக்கு 12 என வேடிக்கைக்காகவே வைத்தனர். மற்றைத் தலைவருக்குரிய அளவுகோல் பத்தோடு முடிவது. பொய்க்கதைக்கு அவ்வேடிக்கை பின்னர்ச் சான்றாயிற்று. சரியான கணக்கு ஒன்று உள்ளே இருந்தமையாலேயே படித்த இளைஞர் இதனை ஐயமின்றி நம்பினர். பாறையிற் கீறிய கட்டத்தைப் பற்றி இத்தகைய பொய்யைச் சொல்லி எவரையேனும் நம்பவைத்தல் இயலுமோ?

மூன்றாவது குற்றம் சரித்திரத்தைப் பற்றியது. 1999-இல் வந்த ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் 13 நாகரிகங்கள் இருந்தன. இந்தியா அவற்றுள் இல்லை. கொட்டாம்பட்டி மாணவன் மங்கோலியனாகவும் பிராங்கியனாகவும் படை நடத்தினான். சோழனாகவோ பாண்டியனாகவோ நடத்த இயலவில்லை. 2013-இல் ‘இந்தியர்’ என்று ஒரே கூட்டத்தாரைச் சேர்த்தனர். அவர்தம் தனிச்சிறப்புக்களுள் ஒன்று பேரரசு ஒட்டகப்படை! தமிழகத்தார் ஒட்டகமேறிப் போர் வென்றதாக நாம் கற்றதில்லை. 2022-இல் அக்கூட்டத்தை இந்துஸ்தானியர் எனப் பெயர்மாற்றி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்போரைப் புதிதாகச் சேர்த்தனர். திராவிடருக்குக் காலாட்படையும் கடற்படையும் வலி. சுருள்வாள் வீரர் உண்டு. இராசேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு தொடராகவே அமைந்துள்ளது. குதிரைப்படை மட்டும் மெலிந்தது. இதனை இழிவெனக் கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் கடல்வழி வந்த குதிரைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், பேணும் முறை அறியாமையால் அவை பெரும்பாலும் மாண்டன என்றும் எழுதிவைத்துள்ளார். அத்தகைய நாட்டிற்குக் குதிரை எளிதிற் கிட்டாது என்று வைத்தது பொருத்தமே. தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளியர் அனைவரையும் ஒரு பெயரில் அடைத்தது பொருத்தமன்று. சோழரும் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாய்ப் பொருதிய போர்களை, ஒரே கொடியின்கீழ் நின்று எங்ஙனம் ஆடுவது?

2019-இல் இவ்விரண்டாம் பாகத்தைப் புதுக்கி வெளியிட்டபொழுது, பாழான வயல் தானே மீண்டும் விதைத்துக்கொள்ளும்படி செய்தனர். அதனையும் குறைகூறுவோர் உளர். வயலை மறந்தவன் தோற்கவேண்டும் என்பது அவர் கட்சி.

கணிதமும் கணினியும் பயிலும் நம் மாணவருக்கு ஒன்று கூறுவோம். ஆடுபுலியின் 23 சந்திகளில் மூன்று புலிகளை 1,771 வகையில் நிறுத்தலாம். எஞ்சிய 20 சந்திகளில் 15 ஆடுகளை 15,504 வகையில் நிறுத்தலாம். இரண்டையும் பெருக்க, ஆடெல்லாம் உயிருடன் உள்ள நிலைகள் 2,74,57,584 ஆகின்றன. வெட்டுண்ட நிலைகளையும் சேர்த்தால் தொகை பன்மடங்காகும்; எனினும் இன்றைய கணினிக்கு அது பெருஞ்சுமையன்று. விடுமுறையில் இருவர் மூவர் கூடி அதற்கு நிரல் எழுதலாம். ஆட்டின் தொகையை நிரலினுள் மறைத்து வைக்காமல், ஆடுவோர் தாமே 14 என்றும் 16 என்றும் மாற்றுமாறு திரையின் முகப்பிலேயே வைத்து எழுதுக. முதலில் 15 வைத்துக் கணக்கிட்டபின், 14-க்கு எக்கட்சி வெல்கின்றதென்று பார்க்கலாம்.