அந்த அறையில் நீங்கள் யாருடைய வக்கீல்?

2016 நவம்பர் 4-ஆம் தேதி, ஊபர் நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்திடம் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். 2014-இல் நடந்த தரவுத் திருட்டு பற்றிய விசாரணை அது. பத்து நாள் கழித்து அவருக்கே ஹேக்கர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மறுபடியும் திருட்டு. இந்த முறை 5.7 கோடிப் பேரின் விவரங்கள்; சுமார் 6 லட்சம் ஓட்டுநர் உரிம எண்களும் போயிருந்தன.

ஹேக்கர்களுக்கு ஒரு லட்சம் டாலர் பிட்காயினாகப் போனது. மென்பொருள் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கான வெகுமதி என்று கணக்கு எழுதினார்கள். தரவு எதையும் எடுக்கவில்லை என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆணையத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை. ஓராண்டு கழித்து, புதிய தலைமை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2018-இல் நிறுவனம் 14.8 கோடி டாலர் கொடுத்து மாநில அரசுகளோடு சமரசம் செய்துகொண்டது. 2022-இல் சான் பிரான்சிஸ்கோ ஜூரி சல்லிவனைக் குற்றவாளி என்றது: விசாரணைக்கு இடையூறு செய்தது, குற்றத்தை மறைத்தது. சிறைத் தண்டனை இல்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 50,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். 2025-இல் மேல்முறையீடும் தோற்றது. சல்லிவன் முன்பு அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர். கணினிக் குற்ற வழக்குகளை நடத்தியவர். சட்டம் அவருக்குத் தெரியாததல்ல.

நிறுவன வழக்குகளில் தொழில் செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய கோப்பு இது. சட்ட நிறுவனங்களின் விளம்பரத்தில் தனியுரிமை, நெருக்கடி மேலாண்மை, வெள்ளைக் காலர் குற்றத் தற்காப்பு என்று மூன்று துறைகள் தனித்தனியாக இருக்கும். நடைமுறையில் அவை ஒரே கோப்பின் மூன்று கட்டங்கள். திங்கட்கிழமை தரவுக் கசிவு, புதன்கிழமை பத்திரிகைச் செய்தி, அடுத்த மாதம் அரசுத் தரப்பின் சம்மன். ஒன்றை மட்டும் கற்றவர் மற்ற இரண்டிலும் கட்சிக்காரரை மாட்டிவிடுவார்.

முதல் கட்டத்தில் கெடு உங்களை விரட்டும். ஐரோப்பியச் சட்டப்படி கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் பிறப்பித்த உத்தரவுப்படி ஆறு மணி நேரம். அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் நான்கு வேலை நாள். ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது கசிவைக் கண்டுபிடித்த நாளில் அல்ல, அது முதலீட்டாளருக்கு முக்கியமானது என்று நிறுவனம் முடிவுசெய்த நாளில். முடிவெடுப்பதை இழுத்தடிக்கவும் கூடாது. இதற்கு மேல் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. 2003-இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்தது. எந்தக் கெடு எப்போது தொடங்கியது என்பதை ஒரே தாளில் எழுதி வைக்கும் இளம் வழக்கறிஞரை அந்த வாரம் முழுக்க எல்லோரும் தேடுவார்கள்.

ஆனால் இந்தத் தொழிலின் உயிர் இருப்பது உள்விசாரணையில், நிறுவன ஊழியர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் அறையில். 1981-இல் அப்ஜான் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் ஊழியர் சொல்லும் விஷயங்களுக்கும் ரகசியக் காப்பு உண்டு. அந்தக் காப்பு நிறுவனத்தின் சொத்து, ஊழியருடையதல்ல. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்: “நான் நிறுவனத்தின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல. நீங்கள் சொல்வதை அரசிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை நிறுவனம்தான் முடிவுசெய்யும்.”

எதிரே இருப்பவர் பெரும்பாலும் நடுத்தர வயது மேலாளர். தண்ணீர் குடிப்பார், கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்வார், பிறகு மெதுவாகக் கேட்பார்: “சார், நான் தனியா வக்கீல் வெச்சுக்கணுமா?” மனிதாபிமானத்தில் “அதெல்லாம் தேவையில்லை” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் அந்த நொடியே நீங்கள் அவருக்கும் வக்கீலாகிவிட்டீர்கள் என்று நாளை அவர் வாதாடலாம். “அதில் நான் ஆலோசனை சொல்ல முடியாது, முடிவு உங்களுடையது” என்பதுதான் சரியான பதில். கல்லாகப் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் அவரை ஏமாற்றாத பதில் அது ஒன்றுதான். வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, முகம் கோணாமல் இதைச் சொல்லிப் பழகுங்கள்.

அந்த அறையில் எடுக்கும் குறிப்பு எங்கே போகும் என்பதற்கு நம் ஊர்த் தொடர்புள்ள வழக்கே இருக்கிறது. சென்னையில் காக்னிசன்ட் வளாகத்துக்குத் திட்ட அனுமதி பெற ஒப்பந்ததாரர் வழியாக 20 லட்சம் டாலர் லஞ்சம் போனதாக அமெரிக்க அரசு சொன்னது. இயக்குநர் குழு தன் காதுக்கு வந்த இரண்டே வாரத்தில் தானாகப் போய் அரசிடம் சொன்னது. 2019-இல் நிறுவனம் 2.5 கோடி டாலர் கட்டியது. நீதித்துறை அதன் மீது குற்ற வழக்கே போடவில்லை. வழக்கு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மீதும் தலைமைச் சட்ட அதிகாரி மீதும் பாய்ந்தது. அவர்களின் வழக்கறிஞர்கள் நிறுவனம் நடத்திய விசாரணைக் குறிப்புகளைக் கேட்டார்கள். ஊழியர்கள் சொன்னதை விரிவாக அரசிடம் ஒப்பித்ததால் அந்த அளவுக்கு ரகசியக் காப்பு போய்விட்டது என்று 2022-இல் நீதிபதி முடிவு செய்தார். 2025-இல் அரசே வழக்கைக் கைவிட்டது. அரசிடம் ஒத்துழைப்பதில் உள்ள லாபம், நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் வழி பிரியும் இடம், ரகசியத்தின் எல்லை மூன்றையும் இந்த ஒரு வழக்கில் கற்கலாம்.

தனியுரிமைப் பக்கமும் இப்படித்தான். கேபிடல் ஒன் வங்கியில் 2019-இல் நடந்த திருட்டை ஆராய்ந்த தொழில்நுட்ப அறிக்கையை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆராய்ந்த நிறுவனத்தோடு வங்கிக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. வழக்கு வராவிட்டாலும் அப்படியொரு அறிக்கை எழுதப்பட்டிருக்கும் என்பது காரணம். நிபுணரை யார் அமர்த்தினார், எந்தக் கணக்கில் பணம் போனது, அறிக்கை எத்தனை பேர் கைக்குப் போனது என்பதையெல்லாம் முதல் நாளிலேயே யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் வழமையான பாதை இது: சட்டப் படிப்பு, ஓராண்டு நீதிபதியிடம் உதவியாளர், பெரிய நிறுவனத்தில் சில ஆண்டு, பிறகு மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம், அங்கிருந்து தற்காப்புத் தரப்பு. அரசு வேலையில் சம்பளம் வெகுவாகக் குறையும். ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள். குற்றம் சாட்டும் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் எந்தக் கோப்பு வழக்காகும், எது அலமாரியில் தூங்கும் என்று தெரியும். அந்த அலுவலகத்தில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதை இங்கிருந்து எல்.எல்.எம். படிக்கக் கடன் வாங்கிப் போகிறவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. தனியுரிமைப் பணிக்கும் நிறுவனங்களின் உள்விசாரணைப் பணிக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது.

இந்தியாவிலேயே இருப்பவர்களுக்கும் களம் விரிகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கு, நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு உள்ள ரகசியக் காப்பு கிடையாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்விசாரணை என்றால் வெளி வழக்கறிஞரை எப்போது அழைப்பது என்பதே இப்போது தனி ஆலோசனை.

தமிழ் மாணவர்களுக்கு இங்கே ஒரு பலம் இருக்கிறது, அதைத் தயங்காமல் பயோடேட்டாவில் எழுதுங்கள். அமெரிக்க நிறுவனத்தின் சென்னைக் கட்டடத்தில் பிரச்சினை என்றால் கேள்வி கேட்க வேண்டியது சைட் இன்ஜினீயரை, பில் போட்ட கணக்கரை, ஃபைலை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய ஆளை. “கவனிச்சுட்டோம் சார்” என்று அவர் சொல்லும்போது அது பணமா, டீயா, வெறும் பேச்சா என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிந்து, அன்று இரவே அதைத் துல்லியமான ஆங்கிலத்தில் குறிப்பாக எழுதி அனுப்பக்கூடிய வழக்கறிஞர்கள் குறைவு. இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள். கணக்குப் புத்தகம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்காய்வு நிறுவனங்களின் தடயவியல் பிரிவில் இடம் கிடைத்தால் ஓராண்டு போய் உட்காருங்கள்.