எடிட்டரை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸில், ஜிடிகே கொண்டு ஒரு தமிழ் எடிட்டர் எழுதியிருக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டியில் ஓட வைக்க முழுவதையும் மாற்றி எழுத வேண்டுமா?
– வாசகர், கோல் மார்க்கெட், புது தில்லி

பதில்: வேண்டியதில்லை. விண்டோ, மெனு, எழுத்துரு எல்லாவற்றையும் ஜிடிகே பார்த்துக்கொள்ளும். அது அங்கேயும் இருக்கிறது. விம் எடிட்டரே 1991இல் அமிகா கணினிக்கு வெளிவந்து, அடுத்த ஆண்டு யூனிக்ஸுக்குக் குடிபெயர்ந்ததுதான்.

தகராறு சின்னச் சின்ன இடங்களில் வரும். ஃப்ரீபிஎஸ்டியில் ‘மேக்’ என்றால் பிஎஸ்டி மேக். குனு பாணி மேக்ஃபைல் அதில் திணறும். ‘ஜிமேக்’ நிறுவிக்கொள்ளுங்கள். நூலகங்களின் பாதையைக் கையால் எழுதாமல் ‘பிகேஜி-கான்ஃபிக்’கிடம் கேட்டு வாங்குங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: நிரல் தன் இருப்பிடத்தை ‘ப்ராக்’ அடைவைப் படித்துத் தெரிந்துகொண்டு, அதை வைத்து ஐகான்களைத் தேடினால், அவை காணாமல் போகும். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த அடைவு இயல்பாக ஏற்றப்பட்டிருக்காது. இருப்பிடத்தை ‘சிஸ்சிடிஎல்’ வழியாகக் கேட்க வேண்டும்.

நிரல் தொகுக்கப்பட்டுவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவி ‘கொ’, ‘ஸ்ரீ’ அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றனவா, கர்சர் எழுத்தின் நடுவே நிற்கிறதா, பேக்ஸ்பேஸ் எவ்வளவை அழிக்கிறது என்று கவனியுங்கள். பிறகு ஃப்ரீபிஎஸ்டியின் ‘போர்ட்ஸ்’ தொகுப்புக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதுபவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.