கைராசியும் பருவமும்

தில்லியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஊரில் ஒரு கொம்பை ஒடித்து நட்டால் தழைத்துவிடும், இங்கே வந்த பிறகு எனக்குக் கைராசியே போய்விட்டது" என்பார்கள். என் தாயாரும் அப்படிச் சொல்பவர்தாம். கோடை விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும்போதெல்லாம் கனகாம்பர நாற்றை ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார். ஆவணி, புரட்டாசியில் அது பூக்கும், தையில் கருகிவிடும். நான்கைந்து ஆண்டுகள் இப்படிக் கண்டு, செடி வைப்பதையே விட்டுவிட்டார். தாவரவியல் பயிலும் எனக்கு அவர் கையின்மேல் ஐயமில்லை. குறை சொல்ல வேண்டுமானால் நாட்காட்டியைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கும் எளிதாக வளரும் செடி என்று ஒன்று கிடையாது. எளிமை என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையில் தை மாதத்து இரவிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கும். தில்லியிலோ அது 4, 5 பாகைவரை இறங்குகிறது. சூன் மாதத்துப் பகலில் சில நாள் 45 பாகையைத் தொடுகிறது. இரண்டையும் தாங்கும் பூச்செடிகள் சிலவே. ஆதலின் இங்கே தோட்டம் போடுவோர் "எந்தச் செடி?" என்று கேட்குமுன் "எந்த மாதம்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெப்பம் மட்டுமன்று, பகலின் நீளமும் வேறுபடுகிறது. தில்லியில் சூன் இறுதியில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம். டிசம்பர் இறுதியில் 10 மணிக்குச் சற்று மேல். சென்னையில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. செடிக்கு இது தெரியுமா எனலாம். நன்றாகத் தெரியும். 1920ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கார்னர், ஆல்லார்ட் என்னும் இருவர் ஒருவகைப் புகையிலைச் செடியை ஆராய்ந்து, பகற்பொழுதின் அளவு குறைந்தால்தான் அது பூக்கிறது என்று வெளியிட்டனர். உண்மையில் செடி அளப்பது பகலை அன்று, இடையில் ஒளி புகாத இரவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

நம் சாமந்தி இந்த இனத்தைச் சேர்ந்தது. இங்கே குல்தாவுதி என்று கேட்டால் கிடைக்கும். சூலையில் தளிர்க்கொம்பை வெட்டி மணலில் நட்டு வேர்விட்டதும் தொட்டிக்கு மாற்றினால், இரவு நீண்டு வரும்போது மொட்டு வைத்து நவம்பர், டிசம்பரில் பூக்கும். ஆனால் தொட்டியைத் தெருவிளக்கின் ஒளி விழும் மூலையில் வைத்தீர்களானால், இலையாகவே செழித்து மொட்டுக்கு நாள் கடத்தும். விளக்கு எரிய எரிய அதற்கு இரவு முடிவதில்லை. எருவும் மருந்தும் போட்டுப் பயனில்லை. தொட்டியை நாலடி நகர்த்தினால் போதும். பூ ஓய்ந்தபின் தண்டை வெட்டிவிட்டு அடியை வைத்திருங்கள். அடியிலிருந்து எழும் கன்றுகளே அடுத்த ஆண்டுக்கு ஆகும்.

மல்லிகையின் கதை வேறு. இங்கு மோக்ரா எனப்படும் அச்செடி குளிரில் சோர்ந்து, இலை மஞ்சளித்துக் குச்சியாய் நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள் பலர்! அது உறங்குகிறது, அவ்வளவே. டிசம்பரில் தண்ணீரைக் குறைத்து, சனவரி இறுதியில் கொம்புகளைக் கவாத்து செய்து, மக்கிய சாண எருவிட்டு வெயிலில் வையுங்கள். தளிர்க்கும் புதுக் கொம்பின் நுனியிலேதான் மொட்டு வரும். ஏப்ரல் தொடங்கிக் கோடை முழுவதும் மாலைதோறும் பறிக்கலாம். ஊர்மணம் வேண்டும் என்பவர்க்கு, கனகாம்பரத்தைவிட இதையே நான் சொல்வேன். கனகாம்பரந்தான் வேண்டுமென்றால், தொட்டியில் வைத்துக் குளிர்கால இரவுகளில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

விதைபோட்டு வளர்ப்பதில் செண்டுப்பூவுக்கு இணையில்லை. நெல்லைப் பக்கத்தார் கேந்தி என்பர். தில்லிக்காரர் கேந்தா என்பர். மொழி தெரியாமலே வாங்கிவிடலாம். பிறந்த நாடு மெக்சிகோ என்றாலும் இன்று அது இல்லாத கோயில் வாசல் இங்கில்லை. செப்டம்பரில் விதைத்து, நான்கைந்து இலை வந்ததும் பெயர்த்து நடுக. நடுநுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். டிசம்பர் மாதம் நர்சரியில் பூத்துக் குலுங்கும் நாற்றைக் கண்டு மயங்கி வாங்குவதை நான் ஒப்புவதில்லை. அதன் இளமை அங்கேயே கழிந்துவிட்டது.

மழைக்காலத்திற்குக் காசித்தும்பை. சூனில் விதைத்தால் ஆகஸ்டில் பூக்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறும். அடுத்த மழைக்கு அதுவே முளைத்துக்கொள்ளும். கோடைக்குப் பத்துமணிப் பூ. ஒரு விரல் நீளத் தண்டைக் கிள்ளி மண்ணில் செருகினால் வேர்விடும். வெயில் தவறாமல் விழவேண்டும். நித்தியகல்யாணியும் அப்படியே, கல்லிடுக்கிலும் வளரும், மிகுந்த நீரில்தான் அழுகும். இரத்தப் புற்றுக்கு மருந்தாகும் வின்கிரிஸ்டின் இச்செடியிலிருந்து எடுக்கப்படுவது என்பதை வேதியியல் நண்பர்கள் அறிவர். அதற்காக இலையை யாரும் மென்றுவிட வேண்டாம், அது நஞ்சு.

விடுதி நண்பர்களுக்குத் தோட்டம் ஏது? சன்னல் ஓரமும் 10 அங்குலத் தொட்டியும் போதும். அடித்துளைமேல் ஓட்டுச் சில்லு ஒன்று. தோட்டமண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் நீர் ஊற்றுக. மே மாத விடுமுறையில் ஊருக்குப் போகுமுன் தொட்டியை விடுதிக் காவலரிடம் ஒப்படைக்க மறவாதீர்கள்.

சென்ற பருவத்துச் செண்டுப்பூவை உலர்த்தி எடுத்த விதை என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. செப்டம்பர் முதல் வாரத்திற்குள் கேட்பவர்க்கு ஒரு பொட்டலம் தருவேன்.