சாண எரிவாயுவை டீசலாக்க முடியுமா?



கோவை, ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்போர், இந்த வாயுவை டீசலாக மாற்றி எண்ணெய் என்ஜினுக்கு ஊற்ற இயலாதா என்று வினவுவதுண்டு. இயலும், ஆனால் கட்டுத்தரையில் இயலாது. காரணத்தை அறிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம். கையிலுள்ள வாயுவையும் முழுமையாகப் பயன்படுத்தலாம்.

வாயுவின் தன்மை

சாண எரிவாயுவில் 55 முதல் 60 சதம் வரை மீத்தேன் உள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. சமையல் எரிவாயுவிலுள்ள புரோப்பேனும் பியூட்டேனும் அழுத்தினாலே திரவமாகும். மீத்தேன் அவ்வாறன்று. பூஜ்யத்திற்குக் கீழ் 82 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் குளிர்வித்தாலன்றி, எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. எனவே சாண எரிவாயுவைச் சமையல் வாயு சிலிண்டரில் அடைக்க முயல்வது பயனற்றது, ஆபத்தானதும்கூட.

ஆலையில் நடப்பது

முதற்கட்டத்தில், மீத்தேனை நீராவியுடன் கலந்து, சுமார் 800 டிகிரி வெப்பத்தில் நிக்கல் வினையூக்கியின்மீது செலுத்துவர். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இயற்கை வாயுவிலிருந்து யூரியா தயாரிக்கும் ஆலைகளிலும் முதல் வேலை இதுவே. இரண்டாம் கட்டத்தில், இக்கலவையை 200 முதல் 350 டிகிரி வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின்மீது செலுத்தினால் டீசல் போன்ற திரவங்கள் உண்டாகின்றன. 1920-களில் ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். கத்தார் நாட்டில் இயற்கை வாயுவைத் திரவமாக்கும் மாபெரும் ‘பேர்ல்’ ஆலை 2011-இல் உற்பத்தியைத் தொடங்கியது.

வினையூக்கி என்பது தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள். ஆனால் கந்தகம் பட்டால் அது செயலிழக்கும். சாண எரிவாயுவில் கந்தகம் உள்ளதை மறக்கலாகாது.

கணக்குப் பாருங்கள்

5 மாடுகளின் சாணம் நாளொன்றுக்கு சுமார் 50 கிலோ. இதிலிருந்து 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். இதன் வெப்பம் ஏறத்தாழ 1.2 லிட்டர் டீசலுக்குச் சமம். திரவமாக்கும்போது பெரிய ஆலையிலேயே சுமார் 40 சதம் ஆற்றல் வீணாகும். மிஞ்சுவது 0.7 லிட்டர். இதற்காக உலையும் அழுத்தியும் வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகும்.

செய்ய வேண்டியது

வாயுவை வாயுவாகவே எரிப்பது சிறந்தது. சமையலுக்குப் போக மிஞ்சினால், டீசல் என்ஜினில் இரட்டை எரிபொருளாகப் பயன்படுத்தலாம்.

1. வாயுவை இரும்புத் துரு நிரப்பிய குழாய் வழியே செலுத்திக் கந்தகத்தை நீக்கவும். துரு கறுத்ததும் மாற்றவும்.

2. குழாயில் தேங்கும் நீரை வடிக்க வழி செய்யவும்.

3. என்ஜினை டீசலில் ஓட்டிச் சூடேறியபின், காற்று உறிஞ்சும் குழாயில் வாயுவைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடவும்.

4. டீசலை முற்றிலும் நிறுத்தலாகாது. தீப்பற்ற 20 முதல் 30 சதம் தேவை.

ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.45 கன மீட்டர் வாயு செலவாகும். எனவே 2 கன மீட்டர் வாயு 5 குதிரைத்திறன் என்ஜினை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக ஓட்டும். அந்நேரத்தில் 70 முதல் 80 சதம் டீசல் மிச்சமாகும். கலனிலிருந்து வெளிவரும் கரைசல் தென்னைக்கும் மஞ்சளுக்கும் நல்ல எருவாகும்.

வாயுவைத் திரவமாக்கித் தரும் சிறு கருவி என்று எவரேனும் விற்க வந்தால், மேற்கண்ட கணக்கை அவரிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.