வெளிநாட்டு வீட்டில் வளரும் பிள்ளைகள்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஅத்.

 

இப்போது நம் மஹல்லாவில் நிக்காஹ் பேச வரும்போதே பெண் வீட்டார் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: மாப்பிள்ளை ஃபேமிலி விசா எடுப்பாரா? கேட்பதில் தவறில்லை. திருமணமாகி நாற்பதாவது நாள் விமானம் ஏறி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முகம் காட்டிய கணவர்களுக்காகக் காத்திருந்தே வயதான தாய்மார்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நிலை தங்கள் மகளுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறார்கள்.

ஆனால் விசா கிடைத்துவிட்டது, பிள்ளையும் மனைவியும் வந்து சேர்ந்துவிட்டார்கள், இனி நம் கடமை முடிந்தது என்று ஒரு கணவர் நினைத்தால், அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஊரில் ஒரு பிள்ளையை வளர்ப்பது உம்மா மட்டுமல்ல. நன்னி குளிப்பாட்டுவார், சாச்சி சோறு ஊட்டுவார், மாமா தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வரை போய் வருவார். அஸருக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓதப்பள்ளிக்குப் போகும். விழுந்தால் தெருவில் யாராவது தூக்கிவிடுவார்கள், சேட்டை செய்தால் யாராவது அதட்டுவார்கள். பத்துப் பேர் பங்கு போட்டுச் செய்த வேலை அது. துபாயிலோ, ஷார்ஜாவிலோ, தோஹாவிலோ ஒரு ஃபிளாட்டின் கதவு மூடியதும் அந்தப் பத்துப் பேருடைய வேலையும் இரண்டு பேர் தலையில் விழுகிறது. வாப்பா காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வந்தால் இரண்டு பேர்கூட இல்லை, ஒருவர்தான்.

இரவு வந்ததும் அவர் பார்ப்பது என்ன? இரண்டு வயதுப் பிள்ளை கையில் மொபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உடனே, நீதான் மொபைல் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாய் என்று மனைவியிடம் கோபப்படுகிறார். சகோதரரே, அவள் சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கைக்குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும், லுஹர் தொழ வேண்டும். மூத்ததை அந்த நேரத்தில் யாரிடம் கொடுப்பாள்? மொபைல் பிள்ளைக்கு நல்லதில்லை என்பது அவளுக்கும் தெரியும். அவளிடம் இல்லாதது இன்னொரு கை.

ஹாஜரா (அலை) அவர்களின் தனிமை

அந்நிய மண்ணில் கைக்குழந்தையோடு தனியாக இருந்த ஒரு தாயை நாம் எல்லோரும் அறிவோம். ஹாஜரா (அலை) அவர்கள். ஒரு பையில் பேரீச்சம்பழம், ஒரு தோல் துருத்தியில் தண்ணீர். இவற்றோடு கஅபா இருக்கும் இடத்தில் இப்ராஹீம் (அலை) அவர்கள் அவரை விட்டுச் சென்றார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்லி, இப்ராஹீம் நபியே குடும்பத்தை விட்டுவிட்டுத்தானே போனார்கள் என்று தன் பொறுப்பின்மைக்கு ஆதாரம் தேடுபவர்களும் இருக்கிறார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா என்று ஹாஜரா (அலை) அவர்கள் கேட்டதும், ஆம் என்று பதில் வந்ததும் இவர்களுக்கு மறந்துவிடுகிறது. நம்மை ஓவர்டைம் செய்யச் சொல்லி வஹீ வரவில்லை.

விட்டுச் சென்ற இப்ராஹீம் (அலை) அவர்கள் திரும்பி நின்று கேட்ட துஆ சூரா இப்ராஹீமின் 37ஆவது வசனத்தில் இருக்கிறது. அதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தொழுகையைச் சொல்கிறார்கள். அடுத்து, மனிதர்களின் உள்ளங்கள் இவர்களை நேசித்து இவர்கள் பக்கம் சாய வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கனிவகைகளைக் கேட்கிறார்கள். புல் முளைக்காத பள்ளத்தாக்கில் மனைவி மக்களை விட்டுவிட்டு நிற்கும் ஒருவர், உணவுக்கு முன் மனிதர்களைக் கேட்டிருக்கிறார்! நாம் ஃப்ரிட்ஜ் நிறைய சாமான் வாங்கி வைத்துவிட்டு, இவளுக்கு இன்னும் என்ன குறை என்கிறோம்.

அல்லாஹ் ஜம்ஜமைக் கொடுத்தான். தாகம் தீர்ந்தது, குழந்தை பிழைத்தது. பிறகு ஜுர்ஹும் கூட்டத்தார் அந்த வழியாக வந்து, இங்கே தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஹாஜரா (அலை) அவர்கள் அனுமதித்தார்கள். இந்த இடத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஒரு செய்தியும் அதே ஹதீஸில் பதிவாகியிருக்கிறது: இஸ்மாயீலின் தாயார் மனிதத் துணையை விரும்பக்கூடியவராக இருந்தார் என்பது. அரபியில் ‘உன்ஸ்’ என்ற சொல் வருகிறது. பழகுவதற்கு, பேசுவதற்கு, மனம் ஒட்டுவதற்கு ஆள் வேண்டும் என்ற ஆசை. காலடியில் ஜம்ஜம் ஊறிக்கொண்டிருந்தபோதும் அந்தத் தேவை இருந்தது. அதை ஒரு பலவீனமாக நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள் ஹாஜரா (அலை): தங்கலாம், தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது. பழகவும் செய்தார்கள், எல்லையையும் வைத்தார்கள். யாருக்கும் கதவைத் திறக்காதே, யாரோடும் பேசாதே என்று மனைவியைப் பூட்டி வைத்துவிட்டுப் போகும் கணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அதே கட்டிடத்தில் மார்க்கப் பற்றுள்ள இரண்டு குடும்பங்களை நீங்களே தேடிப் பழக்கிவிடுங்கள். மலையாளக் குடும்பமாக இருந்தாலும் சரி, ஹைதராபாத் குடும்பமாக இருந்தாலும் சரி. அஸருக்குப் பிறகு பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக அவளுக்கு ஒரு துணை கிடைக்கும்.

குடும்பத்திடம் திரும்பிப் போங்கள்

என்னை எப்படித் தொழக் கண்டீர்களோ அப்படியே தொழுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி நம்மில் தெரியாதவர் இல்லை. அது எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவருடைய தோழர்களும் இளைஞர்கள். மதீனாவுக்கு மார்க்கம் கற்க வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். வீட்டு நினைவு அவர்களை வாட்டுவதை நபி (ஸல்) அவர்களே புரிந்துகொண்டார்கள். ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களோடு தங்குங்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். தொழுகை பற்றிய அந்த வார்த்தை அதோடு சேர்ந்து வந்ததுதான்.

மஸ்ஜிதுந் நபவியில், ரஸூலுல்லாஹ்வின் சபையில் உட்கார்ந்திருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள் என்றால், டூட்டி முடிந்த பிறகும் நண்பர்களின் ரூமில் உட்கார்ந்து பத்து மணி வரை அரசியல் பேசுவதற்கு நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றார்கள். அந்தக் ‘குடும்ப வேலை’ என்பதற்குள் பிள்ளைக்கு டயபர் மாற்றுவதும், பால் பாட்டில் கழுவுவதும் வராது என்று எந்தக் கிதாபிலும் நான் பார்க்கவில்லை.

அமீரகத்தில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை. ஷார்ஜா அரசில் வெள்ளியும் முழு விடுமுறை. தனியார் கம்பெனிகளில் அப்படி இல்லை, கடைகளிலும் கிரோசரிகளிலும் வேலை செய்பவர்களின் நிலை நமக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளாவது கிடைக்கும். அந்த ஒரு நாளும் தூக்கத்திலும் மாலிலும் கரைந்துவிடுகிறது. ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைக்கு ‘அலிஃப் பா’ சொல்லிக்கொடுங்கள். ஆன்லைன் உஸ்தாதுக்கு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டால் அந்தக் கடமையும் நீங்கிவிடாது.

வீட்டில் தவறிப்போகும் தொழுகைகளை, உபரித் தொழுகைகளைப் பிள்ளை பார்க்கத் தொழுங்கள். சிறுவனைப் பாங்கு சொல்ல வையுங்கள், தப்பும் தவறுமாகச் சொல்லட்டும். முதுகில் ஏறினால் அதட்டாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே மக்களுக்குத் தொழ வைத்திருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிடுவார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள்.

ஸனா, ஸனா!

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது உம்மு காலித் (ரலி) அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெற்றோர் மக்காவிலிருந்து ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்கள். அங்கே பிறந்து, சிறுமியாக மதீனாவுக்கு வந்தவர். ஒரு நாள் நபி (ஸல்) அவர்களுக்கு ஆடைகள் வந்தன. அதில் ஒரு சிறிய கறுப்பு ஆடை. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டுவிட்டு, உம்மு காலிதைக் கொண்டுவரச் சொல்லித் தம் கையாலேயே அணிவித்தார்கள். அதிலிருந்த வேலைப்பாட்டைக் காட்டி, ஸனா என்றார்கள். ஹபஷி மொழியில் அழகு என்று பொருள். அந்தக் குழந்தை வளர்ந்த நாட்டின் சொல்லை எடுத்து அந்தக் குழந்தையிடம் பேசினார்கள்! இன்னொரு அறிவிப்பில், அவர் நபியின் முதுகிலிருந்த நுபுவ்வத் முத்திரையோடு விளையாடத் தொடங்க, தந்தை அதட்டினார். விட்டுவிடுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

லீவுக்கு ஊர் வரும் பிள்ளைகளை நாம் எப்படி வரவேற்கிறோம்? தமிழ் பேசத் தெரியவில்லை, கொசுக்கடி தாங்கவில்லை, துபாய்க்காரப் பிள்ளை என்று கேலி செய்கிறோம். ஊரில் இருப்பவர்களே, அந்தப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்ட வாழ்க்கை இல்லை அது. முதலில் அதன் மொழியில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

பெற்றோர்களும் வீட்டுக்குள் தமிழை விட்டுவிடாதீர்கள். இஸ்மாயீல் (அலை) அவர்கள் அரபியை ஜுர்ஹும் மக்களிடமிருந்துதான் கற்றார்கள். பிள்ளை அக்கம்பக்கத்தில் இருந்து ஆங்கிலமும் ஹிந்தியும் தானாகப் பிடித்துக்கொள்ளும். தமிழை உங்களைத் தவிர வேறு யாரும் கொடுக்க முடியாது. வீடியோ காலில் நன்னி கேட்பது பேரனுக்குப் புரியவில்லை என்றால், கொஞ்ச நேரத்தில் இருவரும் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரத்தையும் கவனியுங்கள். துபாயில் ஒன்பதரை என்றால் நம் ஊரில் பதினொன்று, நன்னி தூங்கியிருப்பார். மஃரிபுக்கு முன்னால் கூப்பிடுங்கள்.

குடும்பத்தைக் கூட்டிப் போக வசதியில்லாதவர்களை இதைச் சொல்லிக் குறை கூறக்கூடாது. சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், 2020இல் 400 ரியாலானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். அதைக் கட்ட முடியாமல் கண்ணீரோடு குடும்பத்தை ஊருக்கு அனுப்பியவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் அல்லாஹ் சக்திக்கு மீறி எதையும் கேட்கமாட்டான். கேள்வி, குடும்பத்தை அருகில் வைத்துக்கொண்டே தூரமாக இருப்பவர்களிடம்தான்.

யா அல்லாஹ்! பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், அன்பான அண்டை வீட்டாரையும் தருவாயாக. தனிமையில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களின் மனதுக்கு ஆறுதல் தருவாயாக. எங்கள் பிள்ளைகளைத் தொழுகையாளிகளாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.