எடை குறைந்தது, தோல் தொங்குகிறது: அடுத்து என்ன செய்வது?

முப்பது நாற்பது கிலோ குறைத்தவரைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "என்ன, உடம்பு சரியில்லையா? சுகரா?" அவருக்கோ கவலை வேறு. கையைத் தூக்கினால் மேற்கையில் மடிந்து தொங்கும் தோல், குனிந்தால் சரிந்து விழும் அடிவயிறு, நடந்தால் உரசும் உள்தொடை. இத்தனை பாடுபட்டும் இதுதானா என்று சலித்துப்போய் டயட்டையே விட்டவர்கள் உண்டு. அவசரப்பட்டு க்ரீமுக்கும் மெஷினுக்கும் பணத்தைக் கொட்டியவர்கள் அதைவிட அதிகம். இதைச் சரியான வரிசையில் கையாண்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

முதல் வேலை: தொங்குவது எது என்று பாருங்கள்

எல்லாத் தொங்கலும் தோல் அல்ல. நின்றபடி அடிவயிற்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்குங்கள். புறங்கைத் தோலைப் போல மெல்லியதாக வழுக்கிக்கொண்டு வந்தால் அது வெறும் தோல். தடிமனாகச் சதைப்பிடிப்போடு வந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. எடை குறைப்பில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலானோருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

பிள்ளை பெற்ற பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றே தூக்குங்கள். தொப்புளைச் சுற்றி நடுக்கோட்டில் மேடு கிளம்பினாலோ, இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தட்டுப்பட்டாலோ, வயிற்றுத் தசைகள் விலகியிருக்கலாம். அதற்குப் பிசியோதெரபிஸ்ட்டிடம் போக வேண்டும். இருமும்போது கட்டி போல வெளியே தள்ளினால் குடலிறக்கமாக இருக்கலாம். அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்கும்வரை வயிற்றுப் பயிற்சி எதையும் தொடங்காதீர்கள்.

எவ்வளவு சுருங்கும் என்று எதிர்பார்க்கலாம்?

தோலின் உள்ளடுக்கில் இரண்டு நார்ப் புரதங்கள் உள்ளன. கொலாஜன் உறுதி தருகிறது. இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் குணம் எலாஸ்டினால் வருகிறது. எலாஸ்டினில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பும் சிறு வயதிலும் உருவாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு உடல் அதைப் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. பல ஆண்டுகள் விரிந்தே இருந்த தோலில் இந்த நார்கள் அறுந்துபோகின்றன. இழுத்து இழுத்துத் தளர்ந்த பனியன் கழுத்து துவைத்தால் சுருங்குவதில்லை அல்லவா, இதுவும் அப்படித்தான்.

அதனால் வயது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தீர்கள், எத்தனை கிலோ குறைத்தீர்கள், எத்தனை பிரசவம், புகைப்பழக்கம், வெயில், பரம்பரை ஆகியவை சேர்ந்துதான் இதை முடிவுசெய்கின்றன. இருபத்தைந்து வயதில் 15 கிலோ குறைத்தவருக்குத் தோல் ஓரளவு நன்றாகவே ஒட்டிவிடும். ஐம்பது வயதில் 50 கிலோ குறைத்தவருக்கு அது முழுவதும் சுருங்காது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, சொன்னால் சரக்கு விற்காது.

மெதுவாகக் குறைத்தால் தோல் தொங்காது என்பது பாதி உண்மை. மொத்தம் எவ்வளவு குறைகிறது, எத்தனை காலம் விரிந்திருந்தது என்பவையே பெரிது. ஆனாலும் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ என்ற வேகமே நல்லது. அதைவிட வேகமாகப் போனால் தசையும் கரையும், பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

எடை ஓரிடத்தில் நின்ற பிறகும் தோல் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழியும்வரை தீர்ப்பு எழுத வேண்டாம். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இன்ச் டேப்பால் இடுப்பையும் மேற்கையையும் அளந்து குறியுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

காத்திருக்கும் காலத்தில் மடிப்புகளைக் கவனியுங்கள்

நம் ஊர் வெக்கைக்கு, அழகைவிட இதுதான் உண்மையான தொல்லை. அடிவயிற்றின் கீழ், மார்பின் கீழ், தொடை இடுக்கில் வியர்வை தேங்கித் தோல் சிவந்து, எரிந்து, நாற்றமும் அடிக்கும். அதன் மேல் பூஞ்சை தொற்றிக்கொள்ளும்.

குளித்ததும் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இரண்டு நிமிடம் மின்விசிறிக் காற்றில் காயட்டும். ஈரம் போகாத மடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுவதும், முகப் பவுடரை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். பவுடர் வியர்வையில் குழைந்து உருண்டையாகி மேலும் உரசும். வெளியே போகும் நாட்களில் தோலும் தோலும் ஒட்டாதபடி, துவைத்த பருத்தித் துணித் துண்டு ஒன்றை மடிப்புக்குள் வைத்து, நனைந்ததும் மாற்றலாம். உள்தொடை உரசலுக்கு முழங்கால்வரை வரும் உள்ளாடை போதும். நடக்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஆடை, தோல் ஆடுவதைக் குறைக்கும். ஆனால் நாள் முழுவதும் போட்டாலும் அது தோலைச் சுருக்காது.

வட்டமாகப் படர்ந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டால் பல நேரம் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் படர்தாமரை உள்ளே பரவி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. சுகர் உள்ளவர்கள் இதில் அலட்சியமே காட்டக் கூடாது.

தசையைக் கூட்டுங்கள்

தோலைச் சுருக்க முடியாவிட்டாலும் அதன் அடியில் உள்ள வெற்றிடத்தைக் கொஞ்சம் நிரப்பலாம். வாரம் இரண்டு மூன்று நாள் எடைப்பயிற்சி வேண்டும். நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால், தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ டம்பெல்லோ தூக்குவது என்று தொடங்கி, சுமையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். தோள், மேற்கை, தொடை, பின்புறம் ஆகியவற்றில் வித்தியாசம் தெரியும். அடிவயிற்றில் மடிந்து தொங்கும் தோலுக்கு இதனால் பெரிய பலன் இல்லை.

தசைக்குப் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சராசரி ஆளுக்குப் பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை குறைத்துக்கொண்டு உடற்பயிற்சியும் செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம்வரை சொல்வது வழக்கம். அதாவது 70 கிலோ ஆளுக்கு 84 முதல் 112 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சாம்பார் சோறு பொரியல் தயிர், இரவு சப்பாத்தி குருமா, நடுவில் இரண்டு டீ என்ற நம் சாப்பாட்டில் 50 கிராமை எட்டுவதே கடினம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனிலோ கோழியிலோ சுமார் 20 கிராம். பனீர் 100 கிராமில் ஏறக்குறைய 18. சைவர்களுக்கு மலிவான வழி மீல்மேக்கர்: உலர்ந்த 50 கிராமில் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம். இன்னொரு வழி மாலைப் பலகாரத்துக்குப் பதில் சுண்டல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அடிக்கடி வரும் டயட் கேள்விகள்

சோற்றை அறவே விட வேண்டுமா? வேண்டாம். வடித்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரிதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு என்று இடத்தை மாற்றினாலே போதும். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கலோரி ஏறத்தாழ அரிசி அளவுதான். தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் அதுவும் பொங்கல்தான்.

சோற்றைப் பழிப்பவர்கள் எண்ணெயைக் கணக்கிடுவதில்லை. மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது 270 கலோரிக்கு மேல். பலசரக்குச் சீட்டில் எண்ணெய் அளவைக் குறைப்பதே நான் சொல்லும் முதல் டயட்.

மாவுச்சத்தை வெட்டும் பேலியோ டயட்? ஒழுங்காகத் தொடர முடிந்தவர்களுக்கு எடை குறைகிறது. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். உடல் சேமித்துவைத்த மாவுச்சத்து தன் எடையைப் போல மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும், அது கரையும்போது நீரும் போய்விடும். சுகர் மாத்திரை போடுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தை நிறுத்தவே கூடாது. கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இது நேரும் என்பதுதான் சிக்கல்.

பதினாறு மணி நேர விரதம்? சாப்பிடும் நேரம் சுருங்குவதால் சாப்பாடும் குறைகிறது, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியரி என்பவர் 1965-66இல் 382 நாள் சாப்பிடாமல் இருந்து, 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கினார். விரதப் பேச்சு வந்தால் அவர் பெயரும் வந்துவிடும். அவர் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார், வைட்டமின்களும் உப்புகளும் கொடுத்தார்கள். நீண்ட பட்டினியில் இறந்துபோனவர்களும் உண்டு. வீட்டில் பார்க்கும் வேலை அல்ல இது.

முடி கொட்டுகிறதே? வேகமாக எடை குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் இது வரும். பெரும்பாலும் தானே நின்று மீண்டும் வளரும். புரதம் போதுமா என்று பாருங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு சோதனை செய்யுங்கள். ஷாம்பூ மாற்றுவதில் பயனில்லை.

எடை குறைக்கும் ஊசி? மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. இவை பசியை அடக்கி எடையைக் குறைக்கின்றன. பசியோடு புரதமும் குறைந்துபோவதால் தசை கரைந்து, முகமும் கையும் வாடித் தோல் இன்னும் தளர்வாகத் தெரியும். வெகோவியில் உள்ள செமாகுளுடைடு மருந்தைப் பற்றிய ஆய்வொன்றில், ஊசியை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மருத்துவர் எழுதித் தராமல் இதைத் தொடவே கூடாது.

க்ரீம், பவுடர், மெஷின்

சுருக்கமாகச் சொல்லலாம். தோலை இறுக்கும் என்று விற்கும் க்ரீம்கள் ஈரப்பதம் தருகின்றன, மடிந்து தொங்கும் தோலை எடுப்பதில்லை. ட்ரெட்டினாய்ன் க்ரீம் மெல்லிய சுருக்கங்களுக்கு உதவும்; கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் பயன்படுத்தக் கூடாது. கொலாஜன் பவுடர் குடலில் செரித்து உடைந்துபோகும் புரதம். தோலின் ஈரப்பதத்தில் சிறு முன்னேற்றம் காட்டிய ஆய்வுகள் உண்டு, தொங்கும் வயிற்றை ஏற்றிய ஆய்வு இல்லை. ரேடியோ அலை மெஷின்கள் லேசான தளர்வுக்கு மட்டும். ஒரு பிடி தோல் கையில் வருகிறவர் அதற்குப் பணம் கட்டக் கூடாது.

கடைசியாக, கத்தி

அதிகப்படியான தோலை முழுதாக எடுப்பது அறுவை சிகிச்சை மட்டுமே. அதற்கு முன் எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்றிருக்க வேண்டும். இரைப்பைக் குறைப்பு அறுவை செய்தவர்கள் அதிலிருந்து 12 முதல் 18 மாதம் கழித்துப் போகலாம். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தையல் ஆறாமல் பிரியலாம். இரத்தசோகையையும் புரதக் குறைவையும் முதலில் சரிசெய்ய வேண்டும்.

வயிற்றுக்கு இரண்டு வகை உண்டு. தொங்கும் தோல் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது ஒன்று. தசையையும் இழுத்துத் தைப்பது மற்றொன்று. எது உங்களுக்கு என்று கேளுங்கள். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தழும்பு இருக்கும். கைக்குச் செய்தால் அக்குளிலிருந்து முழங்கைவரை. நீர் கோத்தல், தொற்று, கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகளை விளக்காத மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். அழகுநிலையத்தோடு ஒட்டிய கிளினிக் வேண்டாம். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது மட்டும் தோல் தொங்கலுக்குத் தீர்வல்ல, தொங்கல் கூடவும் கூடும்.

காப்பீட்டு பாலிசியில் "Excl08" என்ற விலக்கைத் தேடிப் படியுங்கள். அழகுக்கான அறுவைக்குப் பணம் தர மாட்டார்கள். மருத்துவ ரீதியில் அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று அளித்தால் கேட்க வழி உண்டு. அதனால் மடிப்பில் வந்த புண், அதன் படங்கள், தோல் மருத்துவர் எழுதிய சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

இனி குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்கள் வயிற்று அறுவையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் தோலும் தசையும் மறுபடி விரியும்.