அடுத்து எந்த சிகார் பிராண்டு? லவுஞ்ச் வேலையில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

வளைகுடா நாட்டு விமான நிலையக் கடைகள், நட்சத்திர ஹோட்டல்கள், சொகுசுக் கப்பல்கள் என்று பல இடங்களில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். பார் கவுன்டரில் இருந்தவரைத் திடீரென ஒருநாள் சிகார் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே சிகார்களை ஈரப்பதத்தோடு பாதுகாக்கும் ஹியூமிடரைத் திறந்தால் நாற்பது ஐம்பது பெயர்கள். பாதி ஸ்பானிஷ், விலையோ மிரட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் விருந்தினர் கேட்பது ஒரே கேள்விதான்: “நான் வழக்கமா இதுதான். அடுத்து எதைப் பார்க்கலாம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் மதிப்பு உண்டு. பதில் சொல்ல எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தெரிந்த சிகாரிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி அடுத்ததற்குப் போக வேண்டும். விருந்தினருக்குப் பரிந்துரைக்கும்போதும் சரி, நீங்கள் படிக்கும்போதும் சரி, இதுதான் வழி. நாடு, மேல் இலை, காரம், அளவு ஆகிய நான்கையும் ஒன்றாக மாற்றினால் எதனால் ருசி மாறியது என்று யாருக்கும் புரியாது.

பெயருக்கு முன் இலை

கையால் சுற்றிய சிகாரில் மூன்று அடுக்கு இருக்கும். உள்ளே நிரப்பும் இலை, அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே தெரியும் மேல் இலை. நிரப்பும் இலையிலும் தரம் உண்டு. செடியின் உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய இலைக்கு லிகேரோ என்று பெயர். காரம் அதில்தான். நடுப்பகுதி இலையான செகோ மணம் தரும். அடியில் இருக்கும் வோலாதோ நன்றாக எரியும். இந்த மூன்றையும் எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதில்தான் ஒரு பிராண்டின் குணம் இருக்கிறது.

அளவையும் உடனே படித்துவிடுங்கள். தடிமனை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 50 ரிங் என்றால் 50/64 அங்குலக் குறுக்களவு. ரொபுஸ்டோ என்பது ஏறக்குறைய 5 அங்குல நீளம், 50 ரிங். சர்ச்சில் அளவு 7 அங்குலம், 47 ரிங். விருந்தினருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அளவோடு பொருத்திப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கியூபாவில் தொடங்குங்கள்

விருந்தினர் அதிகம் கேட்கும் பெயர்கள் கியூபாவைச் சேர்ந்தவை. பினார் டெல் ரியோ மாகாணத்தின் வுயெல்டா அபாஹோ பகுதி இலைக்குத்தான் அந்தப் புகழ். கியூபாவின் பிரீமியம் சிகார்களை உலகெங்கும் விற்பது ஹபானோஸ் என்ற ஒரே நிறுவனம். அதனால் பட்டியல் பெரிதாகத் தெரிந்தாலும் படிக்கச் சுலபம்.

முதலில் மோன்டெக்ரிஸ்டோ. 1935இல் தொடங்கிய பிராண்டு. தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்கு நாவல் வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. அப்படி வாசித்த அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இதன் நம்பர் 4 உலகில் மிக அதிகம் விற்கும் கியூபா சிகார்களில் ஒன்று. நடுத்தரத்துக்குச் சற்று மேலான காரம். மற்றவற்றை அளந்து பார்க்க இது நல்ல அளவுகோல்.

அடுத்து இரண்டை ஜோடியாகப் படியுங்கள்: ஓயோ தே மோன்டெர்ரே எபிக்யூர் நம்பர் 2, பர்தகாஸ் சீரி டி நம்பர் 4. இரண்டும் ரொபுஸ்டோ, நீளம் 124 மில்லிமீட்டர், 50 ரிங். இரண்டும் கியூபா. மாறுவது கலவையும் காரமும் மட்டும். ஓயோ மென்மையானது. 1845ஆம் ஆண்டுப் பாரம்பரியம் உள்ள பர்தகாஸ் மண்வாசமும் மிளகுக் காரமுமாக அழுத்தமாக இருக்கும். இந்த ஜோடியை விளக்கத் தெரிந்தால், “லேசானதா, காரமானதா?” என்று கேட்டு விருந்தினரைச் சரியான பக்கம் கொண்டுபோகலாம்.

கோஹீபாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1966இல் பிடல் காஸ்ட்ரோவுக்காகவும் அரசு அன்பளிப்புகளுக்காகவும் தொடங்கிய பிராண்டு இது. வெளிச்சந்தைக்கு வந்தது 1982இல். நிரப்பும் இலையில் ஒரு பகுதியைப் பீப்பாயில் கூடுதலாக ஒருமுறை நொதிக்க வைப்பது இதன் தனித்தன்மை. 2022இல் கோஹீபா, டிரினிடாட் ஆகிய இரண்டு பிராண்டுகளின் விலைகளை உலகமெங்கும் ஒரே மட்டத்துக்கு உயர்த்திவிட்டார்கள். பல ஊர்களில் விலை சட்டென்று ஏறியது. ஆகவே, கோஹீபா கேட்டு வந்தவருக்கு ஸ்டாக் இல்லை என்றாலும், விலை கட்டுப்படியாகவில்லை என்றாலும், மாற்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கியூபாவுக்கு வெளியே உள்ள பிராண்டுகளைப் படிக்க இதுவே போதிய காரணம்.

கியூபாவுக்கு வெளியே

மென்மையும் ஒழுங்கும் விரும்புகிறவருக்கு டொமினிகன் குடியரசு. டேவிடாஃப் முன்பு கியூபாவில் தயாரானது. தரம் பற்றிய பிணக்கில் 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து விலகி டொமினிகனுக்கு வந்தது. வெள்ளைப் பட்டி போட்ட சிகார்கள் மென்மையானவை. அதே நிறுவனம் 2013இல் நிகராகுவா இலையில் தனி வரிசை தொடங்கியது. மென்மையிலிருந்து காரத்துக்கு ஒருவரை அழைத்துப்போக வேண்டுமென்றால் அதே கம்பெனிக்குள்ளேயே வழி இருக்கிறது.

ஆர்ட்டுரோ ஃபுவென்டே குடும்பம் 1912இல் புளோரிடாவின் டாம்பாவில் தொழிலைத் தொடங்கியது. இன்று தயாரிப்பு டொமினிகனில். இவர்களின் ஹெமிங்வே வரிசையில் மேல் இலை ஆப்பிரிக்காவின் கேமரூன் இலை. இனிப்பும் மசாலா மணமும் கலந்தது. இவர்களின் ஓபஸ் எக்ஸ் 1990களில் வந்தது. டொமினிகன் மண்ணில் தரமான மேல் இலை விளையாது என்று தொழிலில் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. விளைவித்துக் காட்டியதால்தான் அதற்கு அவ்வளவு புகழ்.

காரமும் ஆழமும் தேடுகிறவருக்கு நிகராகுவா. பத்ரோன் நிறுவனத்தை 1964இல் மியாமியில் தொடங்கியவர் ஹோசே ஓர்லாண்டோ பத்ரோன். சிகாரின் எல்லா இலையும் நிகராகுவாவினுடையது. கற்றுக்கொள்கிறவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பெரும்பாலான வகைகள் நேச்சுரல், மதூரோ என்று இரண்டு மேல் இலையில் கிடைக்கும். மதூரோ என்பது அதிக காலம் நொதித்துக் கறுத்த இலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பழுப்பு, மற்றது கருப்பட்டி நிறம். அளவு ஒன்றே. மேல் இலை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. விலை குறைவாக வேண்டும் என்பவருக்கு, ஒலிவா நிறுவனத்தின் ஜி, ஓ, வி வரிசைகளைப் படிப்படியாகக் காட்டலாம்.

ஒரே பெயர், இரண்டு நாடு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 1960இல் கியூப அரசு தொழிற்சாலைகளை நாட்டுடைமையாக்கியது. உரிமையாளர்கள் பலர் வெளியேறினார்கள். 1962இல் அமெரிக்கா கியூபா மீது முழு வணிகத் தடை விதித்தது. விளைவு, அதே பிராண்டுப் பெயர்கள் அமெரிக்கச் சந்தைக்காக வேறு நாடுகளில் தயாராகத் தொடங்கின. அமெரிக்கக் கடையில் இருக்கும் மோன்டெக்ரிஸ்டோவும் ரோமியோ இ ஹூலியெட்டாவும் பெரும்பாலும் டொமினிகனில் செய்தவை. ஓயோ தே மோன்டெர்ரேயும் பஞ்ச் என்ற பிராண்டும் ஹோண்டுராஸ். கோஹீபா என்ற பெயரிலும் அமெரிக்கச் சந்தையில் தனி சிகார் உண்டு.

எனவே அமெரிக்கர் ஒருவர் “நான் மோன்டெக்ரிஸ்டோதான்” என்றால், எந்த நாட்டுடையது என்று பணிவாகக் கேளுங்கள். அவர் பழகியது இலேசான டொமினிகனாக இருக்கலாம். கேட்காமல் கியூபாவை எடுத்து நீட்டினால் காரம் தாங்காமல் பாதியில் அணைத்துவிடுவார். விமான நிலையக் கடையில் இன்னொன்றும் கவனியுங்கள். 2020 செப்டம்பர் முதல் கியூபா சிகாரை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. விற்பனைக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மூன்று கேள்வி போதும்

சென்னையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் லவுஞ்சில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“தம்பி, எப்பவும் மோன்டெக்ரிஸ்டோ நம்பர் ஃபோர்தான். இன்னைக்கு வேற ஏதாவது குடுங்க.”

“கண்டிப்பா சார். அதுல உங்களுக்கு எது பிடிக்கும்? காரமா, வாசனையா?”

“காரம் அளவா இருக்கணும். வாசனைதான் முக்கியம்.”

“சாப்பிட்டாச்சா சார்?”

“இன்னும் இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சுதான் டின்னர்.”

“அப்ப ஓயோ எபிக்யூர் டூ பாருங்க சார். அதே கியூபாதான், கொஞ்சம் மென்மையா இருக்கும். வெறும் வயித்துல காரமானது வேண்டாம், தலை சுத்தும். டின்னருக்கு அப்புறம் வந்தீங்கன்னா பர்தகாஸ் எடுத்து வைக்கிறேன்.”

என்ன பிடிக்கும், சாப்பிட்டாரா, எவ்வளவு நேரம் இருக்கிறது: இந்த மூன்றும் தெரிந்துவிட்டது. நாட்டை மாற்றாமல் காரத்தைக் குறைத்தாயிற்று. வெறும் வயிற்றில் நிக்கோடின் ஏறி மயக்கம் வருவது லவுஞ்சில் அடிக்கடி நடப்பது. அதைத் தடுப்பதும் உங்கள் வேலைதான். விலையுயர்ந்ததைத் தள்ளிவிடப் பார்க்காத பணியாளரைத் தேடித்தான் விருந்தினர் மறுபடி வருவார்.

புகைக்காமலே படிக்கலாம்

சிகார் விற்க சிகார் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண், கை, மூக்கு மூன்றும் போதும். சிகாரை விரலிடுக்கில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். சற்று அமுங்கி மீள வேண்டும். மொறுமொறுவென்றால் காய்ந்துவிட்டது. சொதசொதவென்றால் ஈரம் கூடிவிட்டது. மேல் இலையில் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, நரம்பு தடித்துத் தெரிகிறதா என்று கவனியுங்கள். பற்றவைக்கும் முனையை முகர்ந்தால் வைக்கோல், தோல், கொக்கோ, மரம் என்று ஏதோ ஒன்று பிடிபடும். அதை உங்களுக்குத் தெரிந்த வாசனைப் பெயரிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விருந்தினர் புகைத்து முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்டு, அவர் சொன்னதைப் பக்கத்தில் எழுதுங்கள். அப்படிச் சேரும் குறிப்புகளுக்கு ஈடான பாடம் வேறில்லை.

கியூபா பெட்டியாக இருந்தால் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். கியூபாவில் தயாரானது, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷில் சூட்டு முத்திரை இருக்கும். அருகில் தொழிற்சாலைக் குறியீடும் பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் மையில் பதிந்திருக்கும். மாதத்துக்கு ஸ்பானிஷ் பெயரின் முதல் மூன்று எழுத்து. ஜனவரி என்றால் எனேரோ, ஆகஸ்ட் என்றால் அகோஸ்டோ. போலி நிறையப் புழங்கும் தொழிலில் இதைப் படிக்கத் தெரிவது முக்கியம்.

ஹியூமிடரின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். சூடு கூடினால் புகையிலை வண்டு முட்டையிலிருந்து பொரிந்து மேல் இலையில் ஊசித் துளை போடும். ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் அளவைக் குறித்து வையுங்கள்.

உங்கள் உடம்பும் சட்டமும்

சிகார் சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது என்று விருந்தினரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அது பொய். ஒரு பெரிய சிகாரில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கக்கூடும். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியே நிக்கோடின் ஏறும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இது காரணமாகிறது. அடுத்தவர் விடும் புகை உங்களுக்கும் கெடுதல்தான். வேலையில் சேரும்போதே காற்றோட்ட வசதி எப்படி, அறைக்குள் எத்தனை மணி நேரம், சுழற்சி முறை உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு விற்கக்கூடாது. சிங்கப்பூரில் வரம்பு 21. சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்கத் தயங்காதீர்கள். இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது. ஸ்டாக்கைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் ஆசையும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

இன்றைய ஷிஃப்டில் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வியை எழுதுங்கள். நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டிய பிராண்டு அதில்தான் இருக்கிறது. கேட்டது காரம் பற்றி என்றால் ஓயோவும் பர்தகாஸும். மேல் இலை பற்றி என்றால் பத்ரோனின் இரண்டு நிறங்கள். நாடு பற்றி என்றால் டேவிடாஃப். மாதத்துக்கு ஒரு பிராண்டு போதும். ஆனால் அதன் நாடு, இலை, அளவு, விலை, அதற்கு முன்னும் பின்னும் எதைத் தரலாம் என்ற ஐந்தும் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு வருடத்தில் பன்னிரண்டு பிராண்டு கைக்கு வந்துவிடும். சூப்பர்வைசர் பதவிக்கு நேர்காணல் வரும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.